கல்வராயன் ஓடையில் டிரவுட் வாழுமா?

தியாகதுருகத்துக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையில் ஓடைகளுக்கும் அருவிகளுக்கும் குறைவில்லை. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் விடுமுறைக்குக் குடும்பத்தோடு போய், முழங்கால் ஆழ ஆற்றில் நின்று டிரவுட் மீனுக்குத் தூண்டில் வீசும் படங்களைப் பார்ப்பவர்களுக்கு, அந்த மீனை மேகம் அருவிக்குக் கீழே விட்டு வளர்த்தால் என்ன என்று தோன்றலாம். வளராது. காரணம் தண்ணீரின் சூடு. ஃபிளை ஃபிஷிங் எனப்படும் அந்தத் தூண்டில் முறை ஏன் அத்தனை விசித்திரமாக இருக்கிறது என்பதற்கும் விடை அதே சூட்டில்தான் இருக்கிறது.

நம் ஏரிக்கரைத் தூண்டிலில் முள்ளில் மண்புழு, மேலே தக்கை, இடையில் ஈயக்குண்டு. வீசினால் குண்டு முன்னே பறக்கும், நரம்பு அதன் பின்னால் ஓடும். ஃபிளை தூண்டிலில் குண்டே கிடையாது. சின்ன முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டியிருப்பார்கள். ஊதினாலே பறக்கிற அதை எறிய வழியில்லை. ஆகவே எடையை நரம்புக்கே கொடுத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த நரம்பு, அதன் நுனியில் மீன் கண்ணுக்குத் தப்பும் மெல்லிய நரம்பு. கழியைப் பின்னும் முன்னும் வீசினால் தடித்த நரம்பு வண்டிக்காரர் சாட்டைபோல் சுருண்டு விரிந்து, பொய்ப்பூச்சியைச் சத்தமில்லாமல் தண்ணீரில் இறக்கிவிடும். (பூச்சி கட்டுவதற்குத் தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு உலகப் புகழ் பெற்றது. அரக்குத் துளிபோல் மின்னும் அதன் புள்ளிகளுக்காகக் கடல் கடந்து விலைபோனது. இன்று அந்தப் பறவையை வேட்டையாடுவது குற்றம்.)

இத்தனை பாடும் மீன் பூச்சி தின்பதால்தான். குளிர்ந்து வேகமாக ஓடும் நீரில் கல்லுக்கடியில் வளரும் பூச்சிகள், இறக்கை முளைத்து மேலே வரும்போது டிரவுட் எழும்பிக் கவ்வுகிறது. அந்த நீரை விட்டு அது வெளியேறவும் முடியாது. 10 டிகிரி நீரின் ஒரு லிட்டரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்கலாம். 30 டிகிரியில் ஏழரைதான். 20 டிகிரியைத் தாண்டினால் டிரவுட் திணறும், 25-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. சமவெளியின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை 28 டிகிரி என்று வைத்துக்கொண்டு, 1,000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குறையும் எனக் கணக்குப் போட்டால், சுமார் 820 மீட்டர் உயரச் சின்னக் கல்வராயனுக்கு 23, சுமார் 1,220 மீட்டர் உயரப் பெரிய கல்வராயனுக்கு 21 வருகிறது. அதுவும் சராசரிதான்; சித்திரை வெயிலில் ஓடை மெலியும்போது நிலைமை இன்னும் மோசம்.

அருவி விழும் இடத்தில் காற்று கலக்குமே என்று கேட்கலாம். கலக்கும், ஆனால் சூடான நீர் தன் அளவுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. சூடு ஏற ஏற மீனின் உடலும் கூடுதல் ஆக்ஸிஜன் கேட்கும், ஆக இரு பக்கமும் நெருக்கடி. நீலகிரியும் வெப்பமண்டலத்தில்தானே இருக்கிறது, அங்கே டிரவுட் எப்படி வாழ்கிறது என்பது இதைவிட நல்ல கேள்வி. அங்கே 2,000 மீட்டருக்கு மேலே மலையே குளிரூட்டுகிறது. அப்படியும் எளிதில் நடக்கவில்லை. 1863-இல் பிரான்சிஸ் டே எடுத்த முயற்சி பலிக்கவில்லை, 1907-இல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் தொடங்கிய பிறகே வானவில் டிரவுட் காலூன்றியது. இலங்கையின் ஹோர்டன் சமவெளியிலும் மூணாறிலும் அது பிழைத்திருப்பதற்கும் உயரமே காரணம். இந்த மலைகளில் எங்கே பிழைத்தாலும் அது வந்தேறிதான். உலகின் மோசமான 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் வானவில் டிரவுட்டும் இடம்பெற்றிருக்கிறது. கல்வராயன் ஓடைகளின் உள்ளூர் மீன்களுக்கு அந்தப் போட்டி வராமல் இருப்பது நல்லதே.

மீன் வராவிட்டால் அந்தத் தூண்டிலுக்கும் இங்கே வேலையில்லை என்பார்கள். அதை ஏற்கமுடியாது. மேற்பரப்பில் விழும் பூச்சியைக் கவ்வும் சிறு கெண்டை வகைகள் நம் மலை ஓடைகளிலும் உண்டு. லேசான கழியும் கடுகளவு பொய்ப்பூச்சியும் அவற்றுக்குப் போதும். காட்டுக்குள் ஓடும் நீர் என்றால் முதலில் வனத்துறையின் அனுமதி வேண்டும்.