பீரோவுக்குச் சக்கரம் மாட்டினால் வண்டியாகாது

எங்கள் வீட்டில் பட்டறை என்று தனியாக ஒன்றும் கிடையாது. மகன் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனால் கார் ஷெட்தான் பட்டறை. மாலை ஆறு மணிக்குள் டிரில், ரம்பம், குறடு, உளி எல்லாம் மாடிப்படிக்கு அடியில் போய்விட வேண்டும். நாலு பக்கெட்டில் அள்ளிப் போடுவேன். மறுநாள் பத்தாம் நம்பர் ஸ்பானருக்காக நாலையும் கவிழ்த்துக் கொட்டுவேன். பணி ஓய்வுக்குப் பிறகு பாதி நாள் தேடுவதிலேயே போனது. அதனால்தான் இழுப்பறை வைத்த தள்ளுவண்டி ஒன்று செய்தேன்.

முதல் வண்டி மூன்றாம் நாளே கவிழ்ந்தது. கைக்கு எட்டட்டும் என்று கிரைண்டரையும் டிரில்லையும் மேல் இரண்டு அறைகளில் வைத்திருந்தேன். இரண்டையும் ஒருசேர வெளியே இழுத்ததும் மொத்த வண்டியும் என்மேல் சாய்ந்தது. கால் தப்பியது, டிரில்லின் கைப்பிடி போயிற்று.

பக்கத்துத் தெரு ஆசாரி வந்து பார்த்தார். "நீங்க செஞ்சது பீரோ சார். பீரோ நின்னா போதும். வண்டின்னா நிக்கவும் தெரியணும், ஓடவும் தெரியணும்."

விஷயம் அவ்வளவுதான். அறையை இழுக்கும்போது அதன் பாரம் முன்சக்கரத்தைத் தாண்டி வெளியே வந்துவிடுகிறது. சுழலும் சக்கரம் உள்பக்கம் திரும்பி நின்றால் சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம் இன்னும் குறுகும். எனவே கனமானவை அடித்தட்டில், ஸ்பானரும் திருப்புளியும் மேலே, சக்கரங்கள் நாலு ஓரத்திலும். ஒரு நேரத்தில் ஓர் அறைதான் திறக்க வேண்டும்.

பிரித்துப் போட்டு மறுபடி தொடங்கினேன். நீளம் 24 அங்குலம், ஆழம் 18. ஷெட்டில் சாரல் அடிக்கும் என்பதால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 18 மி.மீ. மரைன் பிளைவுட். எட்டடிக்கு நாலடி ஷீட் 30 கிலோவுக்கு மேல் இருக்கும். கடையிலேயே அறுத்து வாங்கிக்கொண்டேன்.

சக்கரத்தில் கணக்கு முக்கியம். வண்டியும் சாமானும் சேர்ந்து 120 கிலோ என்றால், நாலால் வகுத்து 30 என்று வாங்கக் கூடாது. மேடுபள்ளமான தரையில் பல நேரம் மூன்று சக்கரம்தான் பாரம் தாங்கும். மூன்றால் வகுத்தால் 40. நான் 50 கிலோ தாங்குவதாக வாங்கினேன். கைப்பிடிப் பக்கம் பிரேக் வைத்த சுழலும் சக்கரம் இரண்டு, எதிர்ப்பக்கம் சுழலாதது இரண்டு. திருகாணி அடித்தால் நாளடைவில் பிடுங்கிக்கொள்ளும்; பலகையைத் துளைத்து போல்ட், வாஷர் போட்டு முடுக்கினேன். 4 அங்குலச் சக்கரம் தட்டோடு சேர்ந்து 5 அங்குலம் உயரும். படிக்கு அடியில் நுழைய வேண்டியது வண்டி, வெறும் பெட்டியல்ல என்பதை அளக்கும்போதே நினைத்துக்கொண்டேன்.

பொறுமையைச் சோதிப்பது இழுப்பறைதான். பசை காய்வதற்குள் கூட்டை மூலைக்கு மூலை டேப் வைத்து அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் மூலைகள் செங்கோணம். இல்லையென்றால் நீளமான மூலைகளை நெருக்கிப் பிடித்துச் சரிசெய்ய வேண்டும். டெலஸ்கோப்பிக் சேனலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம் இடம் தேவை. ஆக, அறை அதன் வாயைவிட ஓர் அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். எனக்கு ஓர் அறை 2 மி.மீ. கூடிப்போய், ஒரு மத்தியானம் முழுக்க இழைப்புளியோடு உட்கார்ந்தேன்.

ஷெட் தரை, தண்ணீர் வடிய கேட் பக்கம் சரிவு. வேலை செய்யும்போது இரண்டு பிரேக்கையும் மிதித்தால் வண்டி அசையாது. ஆறு மணிக்கு ஹார்ன் கேட்டதும் பிரேக்கை விட்டு ஒரு தள்ளு, நேரே படிக்கு அடியில் போய் நிற்கிறது. நாலு பக்கெட்டும் குளியலறைக்கே திரும்பிவிட்டன. வண்டியைப் பற்றி வாயே திறக்காத என் மனைவி, அதை மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.