இரைச்சலுக்கு யாரிடம் முறையிடுவது?

தேர்வு நெருங்கும்போதுதான் நம் தெருவில் காதுகுத்தும் மஞ்சள் நீராட்டும் வரும். ஒலிபெருக்கிக் குழாயும் நம் சன்னலைப் பார்த்தே இருக்கும். (கிரிவல இரவுகளை நான் சொல்லவில்லை. அன்று ஊரே விழித்திருக்கும்!)

2000-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரையே ஒலி இருக்கலாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். மற்ற நேரத்திலும் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். அளவு 10 டெசிபலோ அதற்கு மேலோ மிஞ்சினால் எவரும் புகார் செய்யலாம். ஒலியை நிறுத்தவோ குறைக்கவோ ஆணையிடும் அதிகாரம் மாவட்ட ஆட்சியர், காவல் துணைக் கண்காணிப்பாளர் போன்றோருக்கு உண்டு. இடம், நேரம், ஒலி வரும் திசை மூன்றையும் குறித்துக் கொடுத்தால் அவர்களுக்கு வேலை எளிது.

சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபையின் முரசும் ஒலிபெருக்கியும் தாங்காமல் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச்சங்கத்தார் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முறையிட்டனர். வாரியம் காவல்துறைக்கு எழுதியது. வழக்கு உயர்நீதிமன்றம் ஏறியது. வாகன இரைச்சலும் அங்கு மிகுதி என்பது அளவெடுத்தபோது தெரிந்தது. மத உரிமை என்று சபையார் வாதாடினர். பிறர் அமைதியைக் குலைத்து ஜெபிக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று கூறி, உச்சநீதிமன்றம் 30-8-2000 அன்று அவர்கள் மேல்முறையீட்டைத் தள்ளியது. நம் பங்குத் திருவிழாக் குழாய்க்கும் இதே விதிதான்!