இறையாட்சியின் சமூகப்பொருள்: லூக்கா 17:21 சொல்லாட்சி வழி

இறையாட்சி இயேசுவின் போதனையில் மையக்கருத்தாகும். அது தனிமனிதரின் அகஅனுபவமா, மனிதர் கூடிவாழும் வாழ்வில் நிகழும் மாற்றமா என்னும் வினா கிறித்தவ இறையியலில் நெடுங்காலமாக விவாதிக்கப்படுகிறது.

இவ்விவாதத்தில் முதன்மை பெறுவது லூக்கா 17:21 ஆகும். அங்குள்ள ‘எந்தோஸ் ஹ்யூமோன்’ என்னும் கிரேக்கத் தொடருக்கு ‘உங்கள் அகத்தே’, ‘உங்கள் நடுவே’ என இருபொருள் கொள்வர். ஹார்னாக் 1900இல் வெளியிட்ட சொற்பொழிவுகளில் இறையாட்சியைத் தனிமனித உள்ளத்தில் நிகழும் இறைவனின் ஆளுகையாகக் கண்டார். நியூயார்க்கின் வறியோர் பகுதியில் போதகராக இருந்த ரௌசன்புஷ், 1917இல் வெளிவந்த தம் நூலில், பாவம் சமூக அமைப்புகளிலும் உறைவதால் மீட்பும் அவற்றை எட்டவேண்டும் என வாதிட்டார்.

சூழல் இரண்டாம் பொருளுக்கே வலுச்சேர்க்கிறது. வினவியோர் இயேசுவோடு முரண்பட்ட பரிசேயர். அவர்களின் உள்ளத்தில் இறையாட்சி குடிகொண்டுள்ளது எனக் கொள்வது பொருந்தாது. மேலும், ‘ஹ்யூமோன்’ பன்மைச்சொல்.

தமிழில் பழைய மொழிபெயர்ப்பு ‘உங்களுக்குள்’ என்றும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘உங்கள் நடுவே’ என்றும் தருகின்றன. ‘உங்களுக்குள் பேசி முடிவுசெய்யுங்கள்’ என்னும் வழக்கில் முன்னதும் ஒருவருக்கொருவர் இடையிலான உறவையே சுட்டும். ஆகவே பழைய சொல்லும் சமூகப்பொருளுக்கு இடந்தருகிறது. அதனை அகப்பொருளாக மட்டும் கொள்வது வாசிப்பின் குறுக்கமே.

மத்தேயு 6இல் உள்ள இறைவேண்டலும் இதனை உறுதிசெய்கிறது. ஆட்சி வருக என்னும் வேண்டுதலைத் தொடர்ந்து உணவும் மன்னிப்பும் ‘எங்களுக்கு’ எனப் பன்மையிலேயே கேட்கப்படுகின்றன. அயலார் பசித்திருக்க, இறையாட்சி தம் உள்ளத்தில் உள்ளது என ஒருவர் அமைதிகொள்ள இவ்வேண்டல் இடமளிப்பதில்லை.