எதிர்மனையின் அழுகை

திருப்புக்கொளியூர் அவிநாசியில் எதிரெதிராய் இரு மனைகள். ஒன்றில் உபநயன மங்கல முழக்கம், மற்றொன்றில் அழுகை. ஐந்து வயதில் உடன் நீராடச் சென்ற சிறுவர் இருவருள் ஒருவனை முதலை விழுங்கிற்று. பிழைத்தவனுக்குப் பூணூல் அணியும் நாளில், இழந்தோர் துயரம் புதிதாயிற்று.

அவ்வீதிவழி வந்த சுந்தரர் நின்று காரணம் வினவினார். அவர் வரவறிந்த பெற்றோர் துயரை ஒருபுறம் வைத்து, மலர்ந்த முகத்தோடு வணங்கினர் என்கிறது பெரியபுராணம். அவ்வன்பிற்கு இரங்கிய சுந்தரர் பதிகம் பாட, கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு மகன் மீண்டான். அவனுக்கும் உபநயனம் நிகழ்ந்தது.

அன்பர்களே! மாண்ட மகவை மீட்டல் திருவருளின் செயல், நம்மால் இயலாது. மங்கல ஓசையினிடையே அழுகையைச் செவிமடுத்து, அவ்வாயிலில் நின்று வினவுதல் நம்மால் இயலும். அடியார் கடன் அங்கே தொடங்குகின்றது.