பாட்டனாரின் போரும் பேரனின் பென்ஷனும்

மைசூரில் வாழும் நம்மவர் வீட்டிற்கு ஊரிலிருந்து உறவினர் வந்தால், தவறாமல் அழைத்துப் போகும் இடங்களுள் ஸ்ரீரங்கப்பட்டணமும் ஒன்று. 1799 மே 4 அன்று திப்பு சுல்தான் வீழ்ந்த அந்தக் கோட்டையில் நிற்கும்போது, அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் நம் நினைவுக்கு வரவேண்டும். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களுக்கும் அதே முடிவு நேர்ந்தது.

"எங்கள் முன்னோரும் அந்தப் போரில் இருந்தவர்தாம், வாரிசுகளுக்குப் பென்ஷன் உண்டா?" என்று கேட்கும் அன்பர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதே. விடையைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

அன்று பென்ஷன் யாருக்குக் கிடைத்தது? கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து போரிட்ட சிப்பாய்களின் பெயர்கள் பதிவேட்டில் இருந்தன. ஆகவே முதுமையிலும் ஊனமுற்ற நிலையிலும் அவர்களுக்கு உதவித்தொகை வழங்க ஏற்பாடு இருந்தது. திப்புவின் மக்களுக்கும் கம்பெனி மானியம் அளித்து, வேலூர்க் கோட்டையில் வைத்திருந்தது. 1806 ஜூலை 10 அன்று அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பின்னர், அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டது. அந்த மானியம் சேவைக்குத் தந்த வெகுமதியன்று. அடங்கியிருப்பதற்குத் தந்த கூலி.

எதிரணியில் நின்ற எளிய வீரனுக்கோ சம்பளப் பட்டியலும் இல்லை, பதிவேடும் இல்லை. பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையோடு நின்று மடிந்தவர்களில் பெரும்பாலோர் பெயர்கூட நமக்குத் தெரியாது. தோற்றவன் பெயரை எழுதி வைக்க ஆளில்லை.

இன்று தமிழ்நாடு அரசு கட்டபொம்மன், மருது சகோதரர்கள், இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க விஜய ரகுநாத சேதுபதி, கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார் ஆகியோரின் வழித்தோன்றல்களுக்குச் சிறப்பு ஓய்வூதியம் வழங்கி வருகிறது. அதை மாதம் ரூ. 10,500 ஆக உயர்த்துவதாக 2024 சுதந்திர தினத்தில் அறிவிப்பு வந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய போருக்கு இன்றும் பென்ஷன் உண்டு என்பது வியப்புக்குரியதுதான். ஆனால் இது பெயர் குறிப்பிட்ட சில குடும்பங்களுக்கு மட்டுமே உரிய சலுகை என்பதை மறக்கலாகாது.

மத்திய அரசின் திட்டம் வேறு. சுதந்திர வெள்ளிவிழாவை ஒட்டி 1972 ஆகஸ்ட் 15 அன்று தியாகிகள் பென்ஷன் திட்டம் தொடங்கிற்று. அப்போது ஆண்டு வருமானம் ரூ. 5,000க்கு மேற்படாதவர்களுக்கே அது கிடைத்தது. 1980இல் அந்த வரம்பு நீக்கப்பட்டு, உதவி என்பது மரியாதை என்றாயிற்று. பொதுவாக ஆறு மாதச் சிறைவாசம் தேவை. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் மூன்று மாதம் போதும். மலேயாவிலும் பர்மாவிலும் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த ஏராளமான தமிழர்களும் இத்திட்டத்தின் வரம்புக்குள் வருவர்.

வாரிசு யார் என்பதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். தியாகிக்குப் பின் மனைவி அல்லது கணவர், மணமாகாத, வேலையில்லாத மகள்கள், பெற்றோர் ஆகியோரே இதற்கு உரியவர்கள். மகனுக்கு இல்லை, பேரன் பேத்திகளுக்கும் இல்லை. பணம் பெற்றுக்கொண்டு, "பேரனுக்கும் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லும் தரகரை நம்ப வேண்டாம்.

தாமதத்தைப் பற்றியும் ஒரு சொல். விண்ணப்பம் காலம் கடந்து வந்தது என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று 1993இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. விண்ணப்பித்த நாளிலிருந்தே தொகை கணக்காகும் என்றும் கூறியது. குற்ற வழக்கில் கேட்பது போன்ற ஐயத்துக்கிடமற்ற சான்றை இந்த முதியவர்களிடம் எதிர்பார்க்கக் கூடாது என்று 2001இல் மற்றொரு தீர்ப்பு வந்தது. ஆனால் சான்றே வேண்டாம் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை.

அமெரிக்காவின் கதையும் இதையே காட்டுகிறது. 1775 முதல் 1783 வரை நடந்த அவர்களுடைய விடுதலைப் போரின் ஆவணங்கள் 1800இல் போர்த்துறை அலுவலகத் தீயில் எரிந்துபோயின. ஆகவே, 1832இல் விரிவான பென்ஷன் சட்டம் வந்தபோது, கிழவர்கள் நீதிமன்றத்தில் நின்று, எந்தத் தளபதியின் கீழ், எந்த இடத்தில் போரிட்டோம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். கைம்பெண்கள் திருமணத்தை நிரூபிக்க, குடும்ப பைபிளில் பெயர்கள் எழுதிய ஏட்டைக் கிழித்து அனுப்பினார்கள். பென்ஷன் பெற்ற கடைசி கைம்பெண் 1906இல்தான் காலமானார். அந்த வாக்குமூலங்கள் இன்றும் அவர்களுடைய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பணம் என்றோ செலவாகிவிட்டது. அந்த எளிய மனிதர்களின் கதை தங்கிவிட்டது.

நம் வீடுகளிலும் இது நடக்க வேண்டும். தாத்தாவின் சிறைச் சான்றிதழ், பழைய கடிதம், தாமிரப் பட்டயம், ராணுவ உடையில் எடுத்த புகைப்படம் எதுவாயினும் பத்திரப்படுத்துங்கள். பாட்டி உயிரோடு இருந்தால், அருகில் அமர்ந்து கேட்டு, ஊர், ஆண்டு, உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பேரனுக்குப் பென்ஷன் கிடைக்காமற் போகலாம். ஆனால் பாட்டனாரின் பெயர் எழுதப்படாமற் போகக் கூடாது.