ஒரு புயல் எச்சரிக்கைக்குப் பின்னால் எத்தனை நாடுகள்?

புதுதில்லி: 2023 ஜூன் மாதம் அரபிக் கடலில் உருவான பிபர்ஜாய் புயல், குஜராத்தின் மாண்ட்விக்கும் பாகிஸ்தானின் கராச்சிக்கும் இடையே, ஜக்காவ் துறைமுகம் அருகே கரையைக் கடக்கும் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. ஒரே அறிவிப்பில் இரு நாடுகளின் கடற்கரை ஊர்கள் இடம்பெற்றிருந்தன. புயலின் பெயரைத் தந்ததோ மூன்றாவது நாடான வங்கதேசம். ஜூன் 15 ஆம் தேதி புயல் கரையைத் தொடுவதற்கு முன்பே, குஜராத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரும், எல்லைக்கு அப்பால் சிந்து மாகாணத்தில் பல்லாயிரக்கணக்கானோரும் பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர்.

அரசியல் உறவு சீராக இல்லாத நாடுகளும் வானிலைத் தரவுகளைத் தடையின்றிப் பகிர்ந்துகொள்கின்றன. இந்த ஏற்பாடு எவ்வாறு உருவானது, எவ்வாறு இயங்குகிறது, அதில் எங்கே இடைவெளிகள் உள்ளன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

150 ஆண்டுப் பழைய உடன்பாடு

1873 ஆம் ஆண்டு வியன்னாவில் கூடிய முதலாவது சர்வதேச வானிலை மாநாடு, அளவீட்டு முறைகளையும் தகவல் பரிமாற்றத்தையும் ஒழுங்குபடுத்தும் பணியைத் தொடங்கி வைத்தது. வெப்பநிலை, காற்றழுத்தம், மழையளவு ஆகியவற்றை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகக் குறித்துவந்தால் அவற்றை ஒப்பிட முடியாது என்பதே அதன் அடிப்படை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1875 இல், இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது. 1864 இல் கொல்கத்தாவைத் தாக்கிய பெரும் புயலும், அதனைத் தொடர்ந்து பருவமழை பொய்த்த ஆண்டுகளும் அத்துறையின் தோற்றத்துக்குக் காரணமாயின.

உலக வானிலை அமைப்புக்கான உடன்படிக்கை 1950 மார்ச் 23 ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அந்நாளே ஆண்டுதோறும் உலக வானிலை தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தற்போது 187 நாடுகளும் 6 ஆட்சிப் பகுதிகளும் அதில் உறுப்பினர்களாக உள்ளன. 1963 இல் இந்த அமைப்பு தொடங்கிய உலக வானிலைக் கண்காணிப்புத் திட்டம், வாஷிங்டன், மாஸ்கோ, மெல்போர்ன் ஆகிய மூன்று நகரங்களை உலக மையங்களாகக் கொண்டிருந்தது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்திலும் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் வானிலைத் தரவுகளைப் பரிமாறிக்கொண்டன.

முன்னறிவிப்பு எவ்வாறு உருவாகிறது?

நாள்தோறும் கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு 12 மணி, நண்பகல் 12 மணி ஆகிய இரு வேளைகளை ஒட்டி, உலகெங்கும் நூற்றுக்கணக்கான நிலையங்களிலிருந்து வானிலை பலூன்கள் பறக்கவிடப்படுகின்றன. இந்தியாவில் அது காலை 5.30 மணியும் மாலை 5.30 மணியும் ஆகும். 30 கிலோமீட்டர் உயரம் வரை செல்லக்கூடிய இந்தப் பலூன்களில் கட்டப்பட்ட சிறு கருவி, வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றை வானொலி அலை வழியாகத் தரைக்கு அனுப்புகிறது. பலூன் நகரும் போக்கிலிருந்து காற்றின் வேகமும் திசையும் கணிக்கப்படுகின்றன.

கடலில் இத்தகைய நிலையங்களை அமைப்பது கடினம். அங்கே மிதவைகள் பயன்படுகின்றன. ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் உலகப் பெருங்கடல்களில் மிதந்துகொண்டிருக்கின்றன. சுமார் 30 நாடுகள் சேர்ந்து பராமரிக்கும் இவை, 10 நாளுக்கு ஒரு முறை 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி, மேலே வரும்போது நீரின் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்புகின்றன. இந்தியாவின் பங்களிப்பை ஹைதராபாதில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் ஒருங்கிணைக்கிறது. புயல் வலுப்பெறுமா, வலுவிழக்குமா என்பதைத் தீர்மானிப்பதில் கடல்நீரின் வெப்பத்துக்கு முக்கியப் பங்கு உண்டு என்பதால், இந்த அளவீடுகள் இன்றியமையாதவை.

வானத்திலிருந்து இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் ஆகிய இந்தியச் செயற்கைக்கோள்கள் மேகக் கூட்டங்களைக் கண்காணிக்கின்றன. இந்தியப் பெருங்கடலின் மேல் ஐரோப்பிய நாடுகளின் மெட்டியோசாட் செயற்கைக்கோள் ஒன்றும் நிலைநிறுத்தப்பட்டுள்ளது.

இத்தரவுகள் அனைத்தும் கணினி மாதிரிகளுக்குள் செலுத்தப்படுகின்றன. காற்று மண்டலம் முழுவதும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், ஐந்து நாட்களுக்குப் பிந்தைய வானிலையைக் கணிக்க, அண்டை மாநிலத்தின் இன்றைய நிலவரம் மட்டும் போதாது. வெகுதொலைவில் உள்ள கண்டங்களின் நிலவரமும் தேவை. மாதிரிகளை உருவாக்குவதும் கூட்டுப் பணியாகவே நடந்துவருகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை பயன்படுத்திவரும் உலகளாவிய மாதிரி ஒன்றின் அடித்தளம் அமெரிக்காவில் உருவானது. நொய்டாவில் உள்ள தேசிய நடுத்தரக் கால வானிலை முன்னறிவிப்பு மையத்தின் மாதிரி, பிரிட்டன் வானிலைத் துறையின் மாதிரியைத் தழுவியது. இந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக, புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய, 6 கிலோமீட்டர் நுண்மை கொண்ட பாரத் முன்னறிவிப்பு அமைப்பு 2025 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்தது.

வங்கக் கடல் தந்த பாடம்

1970 நவம்பர் 12 ஆம் தேதி இரவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் தாழ்வான கடற்கரையைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் உயிரிழந்ததாக மதிப்பிடப்படுகிறது. காற்றைக் காட்டிலும், புயலால் எழும்பி ஊர்களுக்குள் புகுந்த கடல்நீரே பெரும்பாலான உயிர்களைப் பறித்தது. பதிவாகியுள்ள வெப்பமண்டலப் புயல்களில் அதிக உயிரிழப்பை ஏற்படுத்தியது அதுவே.

அதன் பின்னர், 1972 இல், உலக வானிலை அமைப்பும் ஐ.நா.வின் ஆசிய பசிபிக் பிராந்திய ஆணையமும் இணைந்து வெப்பமண்டலப் புயல்களுக்கான குழுவை அமைத்தன. வங்கதேசம், இந்தியா, மாலத்தீவு, மியான்மர், ஓமன், பாகிஸ்தான், இலங்கை, தாய்லாந்து ஆகிய எட்டு நாடுகளோடு, பின்னர் ஈரான், கத்தார், சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், ஏமன் ஆகியவையும் சேர்ந்தன. தற்போது உறுப்பு நாடுகள் 13.

இந்த நாடுகளுக்குப் புயல் ஆலோசனை வழங்கும் பொறுப்பு, புதுதில்லியில் இயங்கும் மண்டலச் சிறப்பு வானிலை மையத்திடம் உள்ளது. உலகில் இத்தகைய மையங்கள் ஆறு மட்டுமே. வங்கக் கடலிலோ அரபிக் கடலிலோ புயல் உருவானால், அதன் மையம், வேகம், செல்லும் திசை, எதிர்பார்க்கப்படும் கடல் எழுச்சி ஆகியவற்றை இம்மையம் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை உறுப்பு நாடுகளுக்கு அனுப்புகிறது. தன் மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கும் அதிகாரம் அந்தந்த நாட்டு வானிலைத் துறைக்கே உரியது.

இந்த ஒத்துழைப்பில் பொதுமக்கள் கண்ணுக்குத் தெரியும் பகுதி, புயலின் பெயர். காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டும்போது பெயர் சூட்டப்படுகிறது. 2004 இல் தொடங்கிய முதல் பட்டியலின் 64 பெயர்கள், 2020 மே மாதம் வீசிய ஆம்பன் புயலுடன் முடிந்தன. தற்போதைய பட்டியலில் நாட்டுக்கு 13 வீதம் 169 பெயர்கள் உள்ளன. தமிழ்நாட்டில் பேசப்பட்ட கஜா என்னும் பெயர் இலங்கை வழங்கியது; நிவர் ஈரானும், மாண்டஸ் ஐக்கிய அரபு அமீரகமும், மிக்ஜாம் மியான்மரும், ஃபெஞ்சல் சவுதி அரேபியாவும் வழங்கியவை.

எச்சரிக்கை மட்டும் போதுமா?

1999 அக்டோபர் 29 ஆம் தேதி ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் உயிரிழந்தனர். 2013 அக்டோபர் 12 ஆம் தேதி அதே மாநிலத்தின் கோபால்பூர் அருகே பைலின் புயல் கரையைக் கடந்தபோது, சில நாட்களுக்கு முன்பே கிடைத்த முன்னறிவிப்பின் அடிப்படையில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு நூற்றுக்கும் குறைவாக இருந்தது. இந்த 14 ஆண்டுகளில் முன்னறிவிப்பு மேம்பட்டது; அதைப் பயன்படுத்தும் நிர்வாகமும் புயல் பாதுகாப்பு மையங்களும் உருவாகியிருந்தன.

இவை இல்லாதபோது என்ன நேரும் என்பதை 2008 மே மாதம் மியான்மரின் ஐராவதி கழிமுகத்தைத் தாக்கிய நர்கிஸ் புயல் காட்டியது. புயல் எங்கே, எவ்வளவு வலுவுடன் கரையைக் கடக்கும் என்பதை 48 மணி நேரத்துக்கு முன்பே மியான்மர் அதிகாரிகளுக்குத் தெரிவித்ததாக இந்திய வானிலை ஆய்வுத் துறை பின்னர் கூறியது. ஆனால் இறந்தோரும் காணாமல் போனோரும் சேர்ந்து ஏறத்தாழ 1 லட்சத்து 38 ஆயிரம் பேர். நாடு விட்டு நாடு சென்ற தகவல், கழிமுகக் கிராமங்களை உரிய வடிவில் சென்றடையவில்லை.

வங்கதேசம் வேறு வழியில் சென்றது. செம்பிறைச் சங்கத்துடன் இணைந்து அந்நாடு 1970களில் தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டத்தில் இன்று 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் உள்ளனர். ஒலிபெருக்கியும் கொடியும் ஏந்தி ஊர் ஊராகச் சென்று எச்சரிப்பது அவர்கள் பணி.

பருவமழையும் பசிபிக் பெருங்கடலும்

பல மாதங்களுக்குப் பிந்தைய பருவநிலையைக் கணிப்பதிலும் பன்னாட்டுத் தரவுகளே ஆதாரம். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர், பருவமழை ஏன் சில ஆண்டுகளில் பொய்க்கிறது என்பதை அறிய உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த பதிவுகளை ஒப்பிட்டார். பசிபிக் பெருங்கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் காற்றழுத்தம் மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டறிந்து, அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். அது எல் நினோ நிகழ்வோடு பிணைந்தது என்பது பின்னாளில் தெளிவாயிற்று.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை குறித்த முதல் முன்னறிவிப்பை வெளியிடும்போது, பசிபிக் பெருங்கடலின் வெப்பநிலையும் கருத்தில் கொள்ளப்படுகிறது. அந்த வெப்பநிலையை அளக்கும் நங்கூரமிட்ட மிதவைகளை முதலில் பெருமளவில் நிறுவிப் பராமரித்தவை அமெரிக்காவும் ஜப்பானும். விதைப்புக்குக் காத்திருக்கும் இந்திய விவசாயிக்குக் கிடைக்கும் தகவலில் அந்தத் தொலைதூரக் கடலின் அளவீடுகளும் அடங்கியுள்ளன. 2010 முதல் தெற்காசிய நாடுகளின் வல்லுநர்கள் ஒன்றுகூடி, பருவமழை குறித்துப் பொதுவான கணிப்பையும் வெளியிட்டு வருகின்றனர்.

பெறுவதும் கொடுப்பதும்

இந்த ஏற்பாட்டில் இந்தியா பெறுவதோடு நிற்கவில்லை. கடற்பரப்பை நோக்கி ரேடார் அலைகளை அனுப்பி, அவை திரும்பும் விதத்திலிருந்து காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்கும் கருவிகள் புயல் கண்காணிப்புக்குப் பெரிதும் உதவுகின்றன. 1999 இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் குவிக்ஸ்காட் இப்பணியைச் செய்துவந்தது. 2009 நவம்பரில் அதன் சுழலும் அலைவாங்கி நின்றுபோனது. அதற்கு இரு மாதங்களுக்கு முன் இந்தியா ஏவியிருந்த ஓஷன்சாட்-2 அந்த இடைவெளியை நிரப்பியது. 2012 இல் அமெரிக்கக் கிழக்குக் கரையைத் தாக்கிய சாண்டி சூறாவளியின் காற்றையும் அது அளந்தது. 2014 இல் ஓஷன்சாட்-2 இன் கருவி செயலிழந்தபோது, அமெரிக்கா சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு கருவியைப் பொருத்தியது. 2016 இல் அதுவும் பழுதாக, அடுத்த மாதமே இந்தியாவின் ஸ்காட்சாட்-1 விண்ணில் செலுத்தப்பட்டது.

தரவுகளைக் கட்டணமின்றிப் பகிர வேண்டும் என்ற கொள்கையை உலக வானிலை அமைப்பு 1995 இல் தீர்மானமாக ஏற்றது. 2021 அக்டோபரில் கடல், நீரியல், பருவநிலை சார்ந்த தரவுகளையும் உள்ளடக்கி அது விரிவாக்கப்பட்டது.

இருப்பினும் இந்த வலைப்பின்னல் எளிதில் தளரக்கூடியது. 2020 இல் கரோனா பரவலால் விமானப் போக்குவரத்து முடங்கியபோது, பயணிகள் விமானங்கள் வழக்கமாக அனுப்பும் வானிலை அளவீடுகள் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்ததாக உலக வானிலை அமைப்பு கவலை தெரிவித்தது. மேலும், ஒவ்வொரு முறையும் புதிய பலூனும் கருவியும் தேவைப்படுவதால், வறிய நாடுகள் பலவற்றில் நாள்தோறும் அவற்றைப் பறக்கவிட இயலவில்லை. அந்த இடைவெளியால் அந்நாடுகளின் முன்னறிவிப்போடு ஏனைய நாடுகளின் முன்னறிவிப்பும் பாதிக்கப்படுகிறது. இந்நாடுகளுக்கு நிதியுதவி அளிக்க உலக வானிலை அமைப்பும், ஐ.நா.வின் வளர்ச்சித் திட்டமும் சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து 2021 இல் தனி நிதியம் ஒன்றை உருவாக்கின.

கடைசி மனிதர் வரை

1970 முதல் 2021 வரை தீவிர வானிலை, பருவநிலை, நீர் சார்ந்த பேரிடர்களில் 20 லட்சத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்ததாக உலக வானிலை அமைப்பு தெரிவிக்கிறது. அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வளரும் நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்நிலையை மாற்ற, 2027 ஆம் ஆண்டு இறுதிக்குள் உலகில் ஒவ்வொருவருக்கும் முன்னெச்சரிக்கைப் பாதுகாப்பு கிடைக்க வேண்டும் என்ற இலக்கை ஐ.நா. பொதுச்செயலாளர் அன்டோனியோ குட்டெரெஸ் 2022 மார்ச் 23 ஆம் தேதி அறிவித்தார்.

அந்த இலக்கில் மொழிக்கும் பங்குண்டு. வானிலை மையங்களுக்கு இடையே ஆங்கிலத்தில் செல்லும் அறிக்கை, கடலில் இருக்கும் மீனவருக்கும் குடிசையில் இருக்கும் மூதாட்டிக்கும் அவர்கள் மொழியில், என்ன செய்ய வேண்டும் என்ற தெளிவோடு சேர வேண்டும். துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் மரபு இதற்காகவே ஏற்பட்டது. இன்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் அமைப்பு, பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய பகுதியில் இருப்போரின் கைபேசிகளுக்கு மாநில மொழிகளில் குறுஞ்செய்தி அனுப்புகிறது.

பன்னாட்டு மிதவைகளும் செயற்கைக்கோள்களும் திரட்டிய தகவல், படிப்பவருக்குப் புரியும் ஒரு வரியாக உரிய நேரத்தில் கைபேசியில் வந்து சேரும்போதுதான், அவர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதுகாப்பு மையத்துக்குப் புறப்பட முடியும்.