வேலியோரப் பச்சிலையும் விஞ்ஞானியும்

ராயபுரத்திலிருந்து கடற்கரை ஓரமாகத் திருவொற்றியூர் வழியே எண்ணூர் வரையில் ஒரு முறை சென்று வந்தவர்கள், துறைமுகத்துப் பளுதூக்கி யந்திரங்களையும், தொழிற்சாலைப் புகைபோக்கிகளையும், சரக்கு லாரிகளின் நீண்ட வரிசையையும் பற்றித்தான் சொல்வார்கள். பச்சிலையைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள். ஆயினும் சற்று நின்று பார்ப்போமானால், மதிற்சுவரின் அடியிலும், ரயில் பாதையின் ஓரத்திலும், மணல் மேட்டிலும் எருக்கும் நித்தியகல்யாணியும் யாருடைய தயவையும் எதிர்பாராமல் வளர்ந்து நிற்கின்றன. ஈரம் கண்ட இடத்தில் கரிசலாங்கண்ணி தலை காட்டுகிறது. வேப்பமரம் இல்லாத தெருவைக் காண்பது அரிது.

"இவை களைகள்தானே?" என்று நேயர்கள் கேட்கலாம். களைகள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் நித்தியகல்யாணி என்ற அந்தக் களையிலிருந்துதான் 1958-ஆம் வருஷத்தில் கனடா தேசத்து விஞ்ஞானிகள் வின்பிளாஸ்டின் என்ற மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடி தந்த வின்கிரிஸ்டின், மற்ற மருந்துகளோடு சேர்ந்து, ரத்தப் புற்றுநோயால் பீடிக்கப்பட்ட எத்தனையோ குழந்தைகளுக்கு உயிர்ப்பிச்சை அளித்திருக்கிறது. செடி நம் வாசலில் இருந்தது; அதற்குள் இருந்த ரகசியத்தைக் கண்டவர்கள் கடல் கடந்த நாட்டில் இருந்தார்கள்.

அப்படியானால் நம் நாட்டில் இந்த ரகசியத்தைத் தேடியவர் எவருமே இல்லையா? உண்டு. இதே சென்னைப் பட்டணத்தில், அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பச்சிலைகளுடனேயே வாழ்ந்த ஒருவர் இருந்தார். டாக்டர் டி. ஆர். கோவிந்தாசாரியார் என்பது அவர் பெயர். அவர் கதையை இன்று சொல்ல விரும்புகிறோம்.

பாட்டியின் பதிலும் ரசாயனியின் கேள்வியும்

ராயபுரத்துக்குத் தெற்கே, பார்க் டவுனில் உள்ள ராசப்ப செட்டித் தெருவின் நாட்டு மருந்துக் கடைகளை அறியாத குடும்பம் வடசென்னையில் இராது. சுக்கு, திப்பிலி, அதிமதுரம், சித்தரத்தை, கடுக்காய் என்று சாக்குச் சாக்காக அங்கே குவிந்து கிடக்கும். இன்ன நோய்க்கு இன்ன மூலிகை என்பது நம் பாட்டிமாருக்கு மனப்பாடம். ஆனால், "அந்த மூலிகையில் உள்ள எந்த வஸ்து நோயைத் தீர்க்கிறது?" என்று கேட்டால் பாட்டியிடம் பதில் கிடையாது. கடைக்காரரிடமும் கிடையாது. அந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக் கொள்பவரே தாவர ரசாயனி.

கேள்வி வீண் கேள்வி அல்ல. வஸ்து இன்னதென்று தெரிந்தால்தான் அளவைத் திட்டம் செய்ய முடியும். கலப்படத்தைக் கண்டுபிடிக்க முடியும். விஷம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியும். ஸின்கோனா மரப்பட்டையை இடித்துக் குடித்த காலத்தில் ஒருவருக்குக் குறைவாகவும் மற்றொருவருக்கு அதிகமாகவும் மருந்து சென்றது. பட்டையிலிருந்து கொயினா பிரிந்து வந்த பிறகே மலைக்காய்ச்சலுக்கு நிறுத்து அளந்து மருந்து கொடுப்பது சாத்தியமாயிற்று.

மாநிலக் கல்லூரியில்

கோவிந்தாசாரியார் 1915-ஆம் வருஷம் ஜூலை 30-ஆம் தேதி பிறந்தவர். கடற்கரைச் சாலையில் உள்ள மாநிலக் கல்லூரியில், பேராசிரியர் பி. பி. டே அவர்களிடம் ரசாயன ஆராய்ச்சி பயின்றார். பிறகு 1946-ல் அமெரிக்கா சென்று, இல்லினாய் சர்வகலாசாலையில் பிரசித்தி பெற்ற ரோஜர் ஆடம்ஸ் என்பவருடன் தாவரப் பொருள்களை ஆராய்ந்தார். அங்கேயே தங்கிவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, சுதந்திரம் அடைந்து இரண்டொரு வருஷமே ஆகியிருந்த தாய்நாட்டிற்குத் திரும்பி, தாம் படித்த கலாசாலையிலேயே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட செடிகளில் ஒன்று நஞ்சறுப்பான். வேலிகளில் படரும் கொடி. இழைப்பு நோய்க்கும் வாந்தி உண்டாக்குவதற்கும் நம்மவர் பயன்படுத்தியது. இதிலிருந்து டைலோபோரின் என்ற ஆல்கலாய்டை 1935-ஆம் வருஷத்திலேயே ரத்னகிரீசுவரன், வெங்கடாசலம் என்னும் இருவர் பிரித்திருந்தனர். ஆல்கலாய்டு என்பது செடிகளில் உண்டாகும் நைட்ரஜன் கலந்த பொருள், பெரும்பாலும் கசக்கும், சிறிதளவே உடலில் பெரிய மாறுதலைச் செய்துவிடும். கொயினாவும் அபினியின் மார்பினும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. டைலோபோரின் கிடைத்துவிட்டதே தவிர, அதன் அமைப்பு என்ன என்பது தெரியவில்லை.

அமைப்பைக் கண்டுபிடிப்பது என்றால் என்ன? இலைகளை உலர்த்திப் பொடித்துச் சாராயத்தில் ஊறவைக்க வேண்டும். சாறை வற்றவைத்து, அமிலத்தில் கரைத்து, காரம் சேர்த்தால் ஆல்கலாய்டு கீழே படியும். அதைத் திரும்பத் திரும்பச் சுத்தி செய்தால் கடைசியில் சிறிது படிகம் மிஞ்சும். மூட்டை இலை கண்ணாடிக் குப்பியின் அடியில் ஒரு சிட்டிகையாகி விடும். அந்தச் சிட்டிகையில் 24 கரி அணுக்களும், 27 ஹைட்ரஜன் அணுக்களும், 4 ஆக்ஸிஜன் அணுக்களும், ஒரு நைட்ரஜன் அணுவும் எந்த வரிசையில் கைகோத்து நிற்கின்றன என்று சொல்லவேண்டும். கண்ணால் காண முடியாது. இன்று யந்திரத்தில் வைத்துச் சில மணி நேரத்தில் அறியக்கூடியதை, அக்காலத்தில் பொருளைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டும் இன்னதென்று நிச்சயித்து, உடைந்த பானையின் ஓடுகளை ஒட்டவைப்பது போல மனத்தில் ஒட்டவைத்தே அறிய வேண்டியிருந்தது.

பி. ஆர். பாய், கே. நாகராஜன் முதலியோருடன் அவர் 1954-ல் வெளியிடத் தொடங்கிய ஆராய்ச்சியின் முடிவில், ஐந்து வளையங்கள் பிணைந்த டைலோபோரினின் உருவம் வெளியாயிற்று. அதோடு நிற்கவில்லை. ஊகம் சரிதானா என்பதற்கு ஒரே ஒரு கடைசிப் பரீட்சை உண்டு: செடியின் உதவியின்றி அதே பொருளைச் சோதனைக்குழாயில் தயாரித்துக் காட்டுவது. 1961-ல் அதையும் செய்து முடித்தார்கள்.

கரிசலாங்கண்ணி தந்த பெயர்

நம் வீடுகளில் கூந்தல் தைலத்துக்கும் காமாலைக்கும் பேர்போனது கரிசலாங்கண்ணி. மஞ்சள் பூப் பூக்கும் அதன் உறவினச் செடியின் சாஸ்திரப் பெயர் வெடேலியா. அதிலிருந்து கோவிந்தாசாரியார் குழுவினர் 1956-ஆம் வருஷத்தையொட்டிக் கண்டறிந்த பொருளுக்கு வெடேலோலாக்டோன் என்று பெயர். வெண்ணிறப் பூவுள்ள கரிசலாங்கண்ணியிலும் அது இருப்பதைக் கண்டார்கள். இன்று எந்த நாட்டு ஆராய்ச்சிக்கூடத்தில் கரிசலாங்கண்ணியின் தரத்தைச் சோதித்தாலும் முதலில் தேடப்படும் பொருள்களில் இது ஒன்று. ஏழிலைப்பாலையின் எகிடமின் என்ற ஆல்கலாய்டும் அவர்களுடைய ஆராய்ச்சியால் துலங்கிற்று. 1960-ஆம் வருஷத்து பட்நாகர் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. மறு வருஷம் அதே பரிசைப் பெற்றவர், கல்கத்தாவில் தாவர ஆல்கலாய்டுகளை ஆராய்ந்த ஸ்ரீமதி அஸீமா சட்டர்ஜி என்பதையும் இங்கே சந்தோஷத்துடன் குறிப்பிடுகிறோம்.

ஒரு மரத்தின் துர்ப்பாக்கியம்

கலாசாலையின் தலைவராகவும் சிறிது காலம் இருந்த பிறகு, 1963-ல் கோவிந்தாசாரியார் பம்பாய் கோரேகாவில் தொடங்கிய ஸீபா ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைமை வகிக்கச் சென்றார். அங்கே நடந்த ஒரு காரியம் நம் சிந்தனைக்கு உரியது.

அமெரிக்காவில் வால், வானி என்ற இருவர் 1966-ல் ஒரு சீன தேசத்து மரத்திலிருந்து காம்ப்டோதெஸின் என்ற புற்றுநோய் எதிர்ப்புப் பொருளைக் கண்டார்கள். அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும், துர்நாற்றம் வீசும் ஒரு சிறு மரத்தில் இன்னும் தாராளமாக இருப்பதை 1972-ல் கோவிந்தாசாரியாரும் விசுவநாதனும் வெளியிட்டார்கள். மாப்பியா என்பது அம்மரத்துக்கு அந்நாளில் வழங்கிய சாஸ்திரப் பெயர். காம்ப்டோதெஸினை மூலமாகக் கொண்டு செய்யப்பட்ட டோபோடெகான், இரினோடெகான் என்ற இரு மருந்துகளும் 1996-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. சூலகத்திலும் பெருங்குடலிலும் தோன்றும் புற்றுநோய்களுக்கு அவை இன்று உலகெங்கும் பயன்படுகின்றன.

மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் மரத்தின் கதி? அதுவரை எவரும் ஏறிட்டுப் பாராத மரத்தைத் தேடி வெட்டினார்கள்; வேரோடு பிடுங்கினார்கள். மலைச்சரிவுகள் பலவற்றில் அது அருகிவிட்டது. குற்றம் விஞ்ஞானியுடையதன்று. அவர் கண்டதைச் சொன்னார். பயிரிட்டுப் பிறகு அறுவடை செய்வோம் என்ற பொறுமை வியாபாரத்துக்கு இல்லாமற் போயிற்று.

வேம்பும் வழக்கும்

கோரேகாவிலிருந்து 1975-ல் ஓய்வு பெற்றும் கோவிந்தாசாரியார் ஓயவில்லை. சென்னைக்குத் திரும்பி, அமிர்தாஞ்சன் ஆராய்ச்சிக்கூடத்திலும், பிறகு ஸ்பிக் விஞ்ஞான ஸ்தாபனத்திலும் உழைத்தார். எழுபது வயதைக் கடந்த பின் அவர் கையில் எடுத்தது நம் வேப்பங்கொட்டை! பூச்சிகள் பயிரைத் தின்னாமலும், தோலுரித்து வளராமலும் தடுக்கும் அஸாடிராக்டின் என்ற பொருள் அதில் இருக்கிறது. அதனுடன் பின்னிக் கிடக்கும் சகோதரப் பொருள்களை அவர் குழுவினர் ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். இரண்டு புதிய அஸாடிராக்டின்களையும் உலகுக்கு அறிவித்தார்கள்.

அதே சமயத்தில் கடலுக்கு அப்பால் வேறொரு காரியம் நடந்தது. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்ப் பூஞ்சையை அழிக்கும் முறைக்கு, அமெரிக்க சர்க்காரின் விவசாய இலாகாவும் கிரேஸ் என்ற கம்பெனியும் 1994-ல் ஐரோப்பாவில் பேடண்டு உரிமை பெற்றன. இது எங்கள் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் அறிவு என்று டாக்டர் வந்தனா சிவா முதலியோர் ஆட்சேபித்தார்கள். 2000-த்தில் உரிமை ரத்தாயிற்று. மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடியாயிற்று. பாட்டியின் அறிவு வாய்மொழியாக மட்டும் இருந்தால் வழக்குமன்றத்தில் அதற்குச் சாட்சி தேடுவது எளிதல்ல. எழுத்தில் ஏறவேண்டும், ஆராய்ச்சியால் உறுதிப்படவும் வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

2001-ஆம் வருஷம் டிசம்பர் 28-ஆம் தேதி கோவிந்தாசாரியார் காலமானார். எண்ணூரில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டதும் அதே வருஷத்தில்தான். துறைமுகங்கள் வேண்டும்; தொழிற்சாலைகளும் வேண்டும். ஆனால் எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் நிலையத்துச் சாம்பல் படிந்த இடங்களைக் கண்டவர்கள், மண் கெட்டால் அதன் மேல் வளர்வதும் கெடும் என்பதை அறிவார்கள். நாளைக்கு ஒரு விஞ்ஞானி தேடப்போகும் செடி எது என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும்?

நேயர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நித்தியகல்யாணியிலிருந்து மருந்து வந்தது என்று படித்துவிட்டு அதன் இலையை மென்று விடாதீர்கள், அது விஷம். செடிக்கும் மருந்துக்கும் இடையே ரசாயனியின் பல வருஷ உழைப்பு நிற்கிறது. நஞ்சறுப்பானை ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பரீட்சைகள்கூடச் சில சாதகமாகவும் சில பாதகமாகவும் முடிந்தன. நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு என்பதைத்தான் கோவிந்தாசாரியாரின் வாழ்க்கை காட்டுகிறது.

ஆகவே நம்மால் ஆகக்கூடியது இரண்டு. வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கும் மூலிகை அறிவை, செடியின் பெயரோடும் இடத்தோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்போம். ரசாயன சாஸ்திரம் படிக்க ஆசைப்படும் பிள்ளையையும் பெண்ணையும், "அதற்குச் சம்பளம் எவ்வளவு?" என்று முதலில் கேட்காமல் படிக்க விடுவோம். திருவொற்றியூர் மதிலோரத்தில் நின்று அந்தப் பச்சிலையைக் குனிந்து பார்க்கப் போகிறவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.